மாடுகள் போன பிறகு

ரயில் ஓடுவது நின்றுபோனதும் அந்த மலைப்பக்கத்தில் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தடம் மட்டும் அப்படியே கிடந்தது. பிறகு யாருக்கோ நல்ல யோசனை வந்து, ஜல்லியை வாரிவிட்டு மண்ணைக் கெட்டிப்படுத்தி, அதைச் சைக்கிள் பாதையாக்கினார்கள். ரயில் ஏறிய தடம் என்பதால் ஏறுகிறோம் என்றே தெரியாது. முட்டிவலிக்காரர்கள்கூட மெல்ல மிதித்துக்கொண்டே மேலே போய்விடலாம். ஆற்றுக்கு மேலே உயரமான கல் பாலம், மலையைக் குடைந்த குகை, இரண்டு பக்கமும் மரங்கள். காரோ பைக்கோ வராது. பின்னால் ஹாரன் அடிக்க ஆளில்லை என்ற ஒன்றுக்காகவே எங்கெங்கிருந்தோ வந்து, சைக்கிளின் இரு பக்கமும் பைகளைக் கட்டிக்கொண்டு, நாள்கணக்கில் அதில் போனார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் பாதை அறுந்திருந்தது. குகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இரும்பு கேட், அதில் ஒரு பெரிய பூட்டு. கேட்டுக்கு அந்தப் பக்கம் பால்காரம்மாவின் மேய்ச்சல் நிலம். ரயில் நின்றதும், முன்பு தடம் அவள் நிலத்தை வெட்டிக்கொண்டு போன அந்தத் துண்டு பழையபடி அவளுக்கே திரும்பி வந்திருந்தது. அவள் அதைத் தர முடியாது என்று சொல்லிவிட்டாள். அதனால் சைக்கிள்காரர்கள் கேட்டுக்கு முன்னால் இறங்கி, பக்கத்துச் சரிவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலேறி, கணவாய்ச் சாலைக்கு வந்து, மரமும் கல்லும் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகளுக்கு நடுவே சில வளைவுகளைக் கடந்து, குகைக்கு அப்புறம்தான் மறுபடி பாதையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பால்காரம்மா பிடிவாதக்காரி என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாதைக்குப் பொறுப்பான அதிகாரி, ஒல்லியாக உயரமாக இருப்பவர், மாதம் ஒரு தடவையாவது சைக்கிளில் வந்து கேட்டுப் பார்ப்பார். அவருக்கு அவள் ஒரு ஸ்டூலை எடுத்து வாசலுக்கு வெளியே போடுவாள். டீ கொடுப்பாள். அவர் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்பாள். கடைசியில், "டீ ஆறிடப்போகுது சார், குடிங்க" என்பாள். அவ்வளவுதான். அவர் தலைகீழாக நின்றும் அவள் பிடி கொடுக்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. பாதை போட ஆரம்பித்த புதிதில், அளவெடுக்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அவள் நிலத்தின் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் யாரோ கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவளிடம் இருந்ததிலேயே சாதுவான பசு, நிறைசினையாக இருந்த செவலை, திறந்த கேட்டைப் பார்த்து வெளியே நடந்தது. கணவாய்ச் சாலை வரைக்கும் போய்விட்டது. வளைவில் வந்த லாரி அதன் மேல் ஏறிவிட்டது. பால்காரம்மா ஓடிப்போய்ச் சேர்ந்தபோது லாரி நிற்கவில்லை, போய்விட்டிருந்தது. அன்றைக்கு அவள் அந்தச் சாலையில் நின்றுகொண்டு முகம் தெரியாத அந்த லாரிக்காரனுக்குக் கொடுத்த சாபத்தை ஊரே கேட்டது. மறுநாள்தான் கேட்டில் பூட்டு விழுந்தது.

அவளுடைய மகனும் லாரி ஓட்டுகிறவன்தான். அதே சாலையில், அதே வளைவுகளில். அவன் அன்றைக்கும் வாய் திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை. மருமகள் குகைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டவுனில் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பஸ்ஸில் மலையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டு வருவாள். வீட்டில் இந்த மூன்று பேர்தான். வீட்டுக்காரர் தவறிப் பல வருஷம் ஆகிவிட்டது.

தூறலும் மூடுபனியுமாக இருந்த ஒரு மத்தியானம், வழக்கமாக வராத நேரத்தில் மகனின் லாரி வீட்டு முற்றத்தில் வந்து நின்றது. பால்காரம்மா கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். மகன் இறங்கி மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து, ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டான். ஐம்பது வயது இருக்கும். தலையில் ஹெல்மெட், முழங்கால் வரை சேறு, இடது கையை வலது கையால் ஏந்திப் பிடித்திருந்தார். லாரியின் பின்னால், அறுத்த மரங்களுக்கு மேலே, முன் சக்கரம் கோணிப்போன ஒரு சைக்கிள்.

வழியில் விழுந்து கிடந்தார், கூட்டிக்கொண்டு வந்தேன் என்று மகன் சொன்னான். அந்தப் பெண்ணும் ஆமாம், மழையில் டயர் வழுக்கிவிட்டது என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள்.

பால்காரம்மா வெந்நீர் வைத்தாள். மாற்றிக்கொள்ளத் தன்னுடைய உடுப்பை எடுத்துக் கொடுத்தாள். அது அந்தப் பெண்ணுக்குச் சாக்குப்பை மாதிரி இருந்தது. மருமகள் வேலை முடிந்து வந்ததும் கையைத் தொட்டுப் பார்த்து, எலும்பு முறிந்த மாதிரித் தெரியவில்லை, சுளுக்குத்தான் என்று கட்டுப் போட்டுவிட்டாள். வந்தவர் பல் டாக்டர் என்று பேச்சில் தெரிந்தது. அது தெரிந்ததிலிருந்து பால்காரம்மா வாயைத் திறந்து சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று வெகுநாளாகச் சொத்தையாக இருந்தது.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது டாக்டர் தன் பயணத்தைப் பற்றிச் சொன்னார். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்த அலுப்பில், கொஞ்சம் தூரமாக இருப்பதைப் பார்க்க வேண்டும் போல இருந்ததாம். வீட்டுக்காரருக்குச் சைக்கிளைக் கண்டாலே ஆகாது. அதனால் தனியாகவே கிளம்பிவிட்டார். பாலத்தைக் கடந்தபோது கீழே ஆறு ஒரு நூல் மாதிரித் தெரிந்ததையும், காலையில் பனிக்குள் மிதித்துப் போகும்போது தன் மூச்சுச் சத்தமும் சங்கிலிச் சத்தமும் தவிர வேறெதுவும் கேட்காததையும் அவர் சொல்லச் சொல்ல, சாப்பாட்டை மறந்து மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இந்த ஒரு இடத்துலதான் ரோட்டுக்கு ஏற வேண்டியதாப் போச்சு" என்றார் டாக்டர். "யாரோ ஒருத்தங்க நிலம் குடுக்கலையாம்."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மருமகளின் கரண்டி பாதியில் நின்றது. மகன் தட்டைப் பார்த்தபடி இருந்தான். பால்காரம்மா தண்ணீர் எடுத்துக் குடித்தாள். டாக்டர் ஒரு கணம் எல்லோரையும் பார்த்துவிட்டு, "அவங்களுக்கும் ஏதாவது காரணம் இருக்கும்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். மருமகளிடம் மருந்துக்கடையைப் பற்றி விசாரித்தார். மகன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. பிரேக் பார்க்க வேண்டும் என்றான். ஆனால் பிரேக் பக்கமே போகவில்லை. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டான். அவ்வப்போது இறங்கி வந்து குழாயடியில் கையைக் கழுவுவான். மறுபடி ஏறிக்கொள்வான்.

டாக்டரை அழைத்துப்போக அவருடைய வீட்டுக்காரர் கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை சும்மா இருக்கப் பிடிக்காமல் டாக்டர் கொட்டிலுக்கு வந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தார். பால்காரம்மா கறவை இயந்திரத்தை ஒவ்வொரு மடியாக மாட்டிக்கொண்டு வந்தாள். வரிசையில் கடைசியாக நின்ற கறுப்புப் பசு மட்டும் காலை மாற்றி மாற்றி வைத்து, கழுத்தைத் திருப்பி, அவள் சொன்னதற்கெல்லாம் ஏதோ பதில் சொல்வது போல அடித்தொண்டையில் குரல் கொடுத்தது.

"இது பேரு வக்கீல்" என்றாள் பால்காரம்மா. "நிக்கச் சொன்னாலும் ஒரு நியாயம் கேக்கும், நடக்கச் சொன்னாலும் ஒரு நியாயம் கேக்கும்."

டாக்டர் சிரித்தார். பால்காரம்மா சிரிக்கவில்லை. இயந்திரத்தை மாட்டி முடித்துவிட்டு, பசுவின் முதுகில் கையை வைத்தபடியே சொன்னாள்.

"நேத்து நீங்க சொன்ன அந்த யாரோ ஒருத்தி நான்தான் டாக்டரம்மா."

"தெரியும்க்கா. உங்க மருமக கரண்டி நின்னுச்சு பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

பால்காரம்மா செவலையைப் பற்றிச் சொன்னாள். வயிற்றில் இருந்த கன்றைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் வாளியை இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு பால்காரம்மா, நேற்று ரோட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டாள். டாக்டர் தன் கைக்கட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, அதைத் தான் சொல்லக் கூடாது, உங்கள் மகன்தான் சொல்ல வேண்டும் என்றார். "ஆனா ஒண்ணு. அவர் மேல தப்பில்லக்கா. அதை மட்டும் நான் சொல்லிடறேன்."

பால்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். லாரியின் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தாள். அந்தப் படி அவளுக்கு உயரம். கம்பியைப் பிடித்து, முனகிக்கொண்டே ஏறி, மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் வண்டி வாங்கிய புதிதில் ஒரு தடவை ஏறியது, அதற்குப் பிறகு இப்போதுதான் ஏறுகிறாள். உள்ளே டீசல் வாடை அடித்தது. கண்ணாடியில் தூறல் வழிந்துகொண்டிருந்தது. மகன் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்திருந்தான், வண்டி ஓடிக்கொண்டிருப்பது போல.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவனே பேசினான்.

"எதிர்ல பஸ் வந்துச்சும்மா. வளைவுல. இந்தப் பக்கம் அவங்க சைக்கிள்ல ஏறிட்டிருந்தாங்க. எனக்கு ஒதுங்க இடமில்ல, அவங்களுக்கும் இடமில்ல. மெதுவாத்தான் போனேன். என் வண்டியோட ஓரம் அவங்க பையில லேசா உரசுச்சு. அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் சைடு கண்ணாடில பார்த்தா ஆளையே காணோம்."

அவன் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"பின் டயருக்குக் கீழ போயிட்டாங்கன்னு நெனச்சேன். வண்டிய நிறுத்திட்டேன். ஆனா இறங்கறதுக்குக் கால் வரலம்மா. உக்காந்தே இருந்தேன். அவங்களாதான் பள்ளத்துலேர்ந்து ஏறி வந்து, கதவத் தட்டி, 'தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல, இறங்குங்க'ன்னாங்க."

பால்காரம்மா அவன் முதுகில் கையை வைத்தாள். அந்த வளைவில் சைக்கிள்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவதாகவும், கடந்த பிறகுதான் மூச்சு விடுவதாகவும் அவன் சொன்னான். தினமும் இப்படித்தானாம். வருஷக்கணக்காக.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

"எப்படிச் சொல்றது? நீ செவலைய நெனச்சு அழுதுட்டிருந்த. அந்த லாரிக்காரன் விளங்குவானான்னு கேட்ட." அவன் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினான். "அவன் நிக்காமப் போனது தப்புதான். ஆனா எங்கயோ தூரத்துல போய் நிறுத்திட்டு, என்னை மாதிரி இறங்க முடியாம உக்காந்திருந்திருப்பான்மா. எனக்குத் தெரியும்."

இத்தனை நாள் கழித்து, செவலை மேல் ஏறிய அந்த லாரிக்குள்ளும் ஒரு ஆள் இருந்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், அங்கே சாப்பிடாமல் எழுந்துபோயிருப்பான். அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வந்த நினைப்பு போகவும் இல்லை.

"நேத்திலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ. வா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். படியிலிருந்து தரைக்குக் கால் எட்டவில்லை. மகன் சுற்றி வந்து கையைக் கொடுத்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் டாக்டரின் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கோணிப்போன சைக்கிளைக் கார் மேலே கட்டும்போது, இனிமேலாவது புத்தி வருமா என்பது போல அதையே முறைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கிளம்பும்போது பால்காரம்மாவின் கன்னத்தைத் தன் நல்ல கையால் லேசாகத் தொட்டு, "ரெண்டு வேளையும் பாத்தேன், ஒரு பக்கமாவே மெல்றீங்க. அந்தப் பல்லை எடுத்துடுங்கக்கா" என்றார். ஒளித்து வைத்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்று பால்காரம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அது தானாக விழும்போது விழட்டும் என்றாள். கார் போன பிறகு மருமகளைக் கூப்பிட்டு, அந்தச் சைக்கிள் சாருக்கு ஒரு போன் போட்டு வரச் சொல் என்றாள்.

அதிகாரி வந்தார். வழக்கப்படி வாசலில் ஸ்டூலைத் தேடினார். அது இல்லை. பால்காரம்மா உள்ளே வரச் சொல்லி, சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்தாள். டீயை எதிரில் வைத்துவிட்டு, பாதைக்கு இடம் விடுகிறேன் என்றாள். அவர் டீயைக் குடிக்கவே மறந்துவிட்டார்.

"அவசரப்படாதீங்க தம்பி" என்றாள். அவரை அவள் தம்பி என்று கூப்பிட்டது அன்றுதான். "எனக்குக் கொஞ்சம் கண்டிஷன் இருக்கு."

திறந்தால் தானாகவே சாத்திக்கொள்கிற கேட் இரண்டு பக்கமும் வேண்டும். மனிதர்களின் ஞாபகத்தை நம்பி இனிமேல் ஒரு மாட்டையும் விட முடியாது. காலையிலும் சாயங்காலமும் மாடுகள் கொட்டிலுக்கும் மேய்ச்சலுக்கும் போய்வருவது அந்தத் தடத்தில்தான். சரிவான அந்த நிலத்தில் சமமாக இருந்த ஒரே இடம் அதுதான், அவளுடைய முட்டியும் மாடுகளின் குளம்பும் அதற்குப் பழகிவிட்டன. அந்த நேரத்தில் யார் வந்தாலும் நிற்க வேண்டும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. மணி அடிக்கக் கூடாது. மாட்டை அவசரப்படுத்தக் கூடாது. அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இத்தனை நாள் ஸ்டூலில் உட்கார்ந்து வாங்காத சம்மதத்தை, மேஜையில் உட்கார்ந்து ஒரே டீயில் வாங்கிவிட்டதை அவரால் நம்பவே முடியவில்லை. வீட்டை விட்டு வெளியே வந்தவர் தன் சைக்கிளை மறந்து, கொஞ்ச தூரம் நடந்தே போய்விட்டுத் திரும்பி வந்தார்.

வேலை நடக்க நாளானது. ஆபீஸ் வேலை அப்படித்தானே. பூட்டை எடுத்து, பழைய கேட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் புதிய கேட் மாட்டினார்கள். கீலைச் சற்றே சாய்த்து வைத்திருந்ததால், தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் கேட் தன் கனத்தாலேயே மெல்லத் திரும்பி வந்து சாத்திக்கொண்டது. அதிகாரி பெருமையாகப் பத்துத் தடவையாவது தள்ளிக் காட்டியிருப்பார். பால்காரம்மாவும் தள்ளிப் பார்த்து, பரவாயில்லை என்றாள்.

மறுநாள் காலையில் வக்கீல் கேட்டுக்கு வெளியே நின்று புல் தின்றுகொண்டிருந்தது.

எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. மகன்தான் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மரத்தடியில் உட்கார்ந்து வேவு பார்த்தான். வக்கீல் நிதானமாக நடந்து வந்தது. தாடையைக் கொண்டியின் கீழே கொடுத்து ஒரு தூக்குத் தூக்கியது. நெற்றியால் தள்ளியது. வெளியே போனது. அதன் பின்னால் கேட் மிகவும் மரியாதையாகத் தானே சாத்திக்கொண்டது. மகன் வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டினான். தாடையை எப்படி நீட்டியது, தலையை எப்படித் திருப்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தது என்று. மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. பால்காரம்மா மாட்டைத் திட்டுவதா, அதற்கு ஒரு கை தீவனம் கூடுதலாகப் போடுவதா என்று தெரியாமல் நின்றாள். அதிகாரிக்குச் சொல்லி அனுப்பியதும் அவர் ஆளோடு வந்து கொண்டியை வெளிப்பக்கத்துக்கு மாற்றினார். மகன் கூட நின்று பிடித்துக் கொடுத்தான். உள்ளேயிருந்து வரும் மனிதர்கள் கேட்டுக்கு மேலாகக் கையை நீட்டித்தான் திறக்க வேண்டும். வக்கீல் இரண்டு நாள் அங்கேயே நின்று யோசித்துப் பார்த்துவிட்டு, வழக்கைக் கைவிட்டது.

பாதை திறந்தது. ரிப்பன் வெட்ட யாரும் வரவில்லை. கேட்டில் ஒரு பலகை மாட்டினார்கள்: மாடுகள் போன பிறகு போகவும். முதல் நாள் கேட்டைத் தள்ளிக்கொண்டு போனது மருமகள்தான். மருந்துக்கடைக்கு இனிமேல் சைக்கிளில் போகப்போவதாகச் சொல்லி, ஒரு பழைய சைக்கிளை வாங்கி வைத்திருந்தாள். பஸ்ஸுக்காகக் காத்து நிற்பதில் போகிற நேரத்துக்குள் குகையைத் தாண்டி டவுனுக்கே போய்விடலாம் என்பதை அவள் என்றைக்கோ கணக்குப் போட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது. "இத்தன நாளா சொல்லவே இல்லையே" என்று பால்காரம்மா கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே அத்தை" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனாள்.

சைக்கிள்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் நல்ல மாதிரிதான். மாடுகள் வரும்போது இறங்கி, ஓரமாக ஒதுங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். சிலருக்கு அவசரம். முதுகை வளைத்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பளபளவென்ற உடையில் வந்த ஒருவர் மணியை அடித்தார். வக்கீல் நின்றது. பாதையின் குறுக்காக உடம்பைத் திருப்பிக்கொண்டு, அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. மற்ற மாடுகளும் அதன் பின்னால் நின்றுவிட்டன. மணி அடிக்காமல் இருந்தால் இந்நேரம் போயிருக்கலாம் என்று பால்காரம்மா அவரிடம் சாவகாசமாக எடுத்துச் சொன்னாள்.

ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் பயம் விட்டபாடில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேலையைப் போட்டுவிட்டு வந்து கேட்டைப் பார்ப்பாளோ, அவளுக்கே தெரியாது. காற்றில் ஏதாவது சத்தம் கேட்டால் போதும், கேட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பாள்.

அவள் பயந்தது ஒருநாள் நடந்தும்விட்டது. கூட்டமாக வந்த சிலர், ஒவ்வொருவராகத் திறந்து மூடச் சோம்பல்பட்டு, கேட்டுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு எல்லோரும் போயிருக்கிறார்கள். கல்லை எடுக்க மறந்துவிட்டார்கள். பால்காரம்மா கொட்டிலில் இருந்து வந்து பார்த்தபோது, தூரத்தில் கேட் அகலத் திறந்து கிடந்தது. மாடுகள் அந்தப் பக்கமாகவே மேய்ந்துகொண்டிருந்தன. முட்டியைப் பற்றி யோசிக்காமல் ஓடினாள்.

கிட்டே போனபோதுதான் தெரிந்தது, கேட்டின் நடுவில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். பருமனான ஆள், வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. சைக்கிளைத் திறப்பின் குறுக்கே படுக்கப் போட்டு, அதற்கு இந்தப் பக்கம், மாடுகளுக்கு முன்னால், இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். வக்கீல் அவருக்கு எதிரில் நின்று, அவர் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. கண்ணை மட்டும் உருட்டி அவளைப் பார்த்தார்.

"அம்மா, இது கடிக்குமா?"

"கடிக்காது. அப்படியே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் மாட்டைத் திருப்பி விரட்டினாள். கல்லைக் காலால் தள்ளினாள். கேட் திரும்பி வந்து சாத்திக்கொண்டது. அந்த ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வரும்போதே கேட் திறந்து கிடந்ததாம். கல்லை எடுத்துவிடலாம் என்று குனிவதற்குள் மாடுகள் வந்துவிட்டன. மாடுகளுக்கு முதுகைக் காட்டப் பயம், விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. பலகையில் மாடு போன பிறகு போகவும் என்று இருந்தது, ஆனால் இவை எங்கே போக வேண்டும் என்று அதில் எழுதவில்லையே என்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டாள். தெரியவில்லை, கை மரத்துப்போய்விட்டது என்றார்.

ஓடி வரும்போது, வீட்டுக்குப் போனதும் பழைய பூட்டை எடுத்துவந்து மாட்டிவிட வேண்டும் என்று முடிவே செய்திருந்தாள் பால்காரம்மா. அந்த ஆளுக்குத் தண்ணீரும் டீயும் கொடுத்து அனுப்பிய பிறகு, பூட்டு இருந்த மாடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதிகாரிக்குப் போன் போட்டு, கேட் பக்கத்தில் கல் எதுவும் கிடக்காதபடி வாரிக்கொண்டு போகச் சொன்னாள். சாயங்காலம் மகனிடம் நடந்ததைச் சொன்னாள். கையை விரித்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, அந்த ஆள் மாதிரியே நின்று காட்டினாள். அவளும் வாய்விட்டுச் சிரித்தாள், சொத்தைப் பல் தெரிய.

அதற்கப்புறம் ஒரு விடுமுறை நாளில், மத்தியான வேலையெல்லாம் முடிந்த பிறகு, குகைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் வாருங்கள் என்று மருமகள் கூப்பிட்டாள். பால்காரம்மா அந்த நிலத்தில் இத்தனை வருஷம் இருந்தும், தன் வேலிக்கு அப்பால் அந்தத் தடத்தில் ஒருநாளும் நடந்ததில்லை. சின்ன வயதில் ரயில் ஓடியது, பிறகு புதர் மண்டியது, பிறகு பூட்டிவிட்டாள். முட்டி வலிக்கும் என்று முதலில் சாக்குச் சொன்னாள். ஏற்றமே இல்லை அத்தை என்றாள் மருமகள்.

மருமகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, அவள் பக்கத்தில் நடந்தாள். குகைக்குள் குளிர்ந்தது. மேலேயிருந்து எங்கோ நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் பதித்திருந்த சின்ன விளக்குகளின் வெளிச்சத்தில் இவர்கள் நிழல் முன்னாலும் பின்னாலும் மாறி மாறி நீண்டது. எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். இருட்டில் முன்பின் தெரியாத ஒருவர் தனக்கு வணக்கம் சொல்வது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பதிலுக்குச் சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

குகையை விட்டு வெளியே வந்ததும் மலை ஒரு பக்கமாக விலகி, பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்தது. பாதை ஓரத்தில் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்தார்கள். எதிர்ப்புறச் சரிவில் கணவாய்ச் சாலை, ஒடித்து ஒடித்துப் போட்ட குச்சி மாதிரி, வளைந்து வளைந்து மேலே ஏறியது. அதில் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு தூரத்துக்கு அதன் சத்தம் கேட்கவில்லை.

"நம்ம வண்டியா அது?" என்று கேட்டாள் பால்காரம்மா.

"இங்கேர்ந்து எப்படி அத்தை தெரியும்? நம்மளதும் பச்சைதான், எல்லாரோடதும் பச்சைதான்."

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். லாரி ஒரு வளைவுக்குப் பின்னால் போய், அடுத்த வளைவில் வெளியே வந்தது. சாலையோரத்தில் யாரும் இல்லை. அதன் முன்னாலும் பின்னாலும் வெறும் சாலைதான் இருந்தது. அது நிதானமாக, யாருக்கும் ஒதுங்க வேண்டிய அவசியம் இல்லாமல், நடு ரோட்டில் ஏறிப்போய்க்கொண்டிருந்தது. யாரா இருந்தா என்ன, பாத்துப் போகட்டும் என்று சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் இருந்தார்கள். மருமகள் பையிலிருந்து ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். பால்காரம்மா அதை ஒரு பக்கமாகவே மென்று தின்றாள். பிறகு வெயிலைப் பார்த்தாள். கறவை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பாலம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டாள். அது எதிர்த்திசையில், கேட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும், இன்னொரு நாளைக்குத்தான் முடியும் என்றாள் மருமகள். சரி, இன்னொரு நாள் போகலாம் என்று சொல்லிவிட்டு, பால்காரம்மா குகையை நோக்கி முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.